காந்தா போர்வை: ஒன்று 1,800 ரூபாய், இன்னொன்று 28,000 ரூபாய், ஏன்?

கேள்வி கேட்டவர் வேலை மாற்றலில் கொல்கத்தா வந்தவர். கரியாஹாட் கடைத்தெருவில் 1,800 ரூபாய்க்கு ஒரு காந்தா போர்வையைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு கைவினைக் கண்காட்சியில் கிட்டத்தட்ட அதே அளவுப் போர்வைக்கு 28,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். 'இரண்டையும் காந்தா என்றுதான் சொன்னார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதை வாங்கி விற்று வீட்டிலிருந்தே சின்னத் தொழிலாகச் செய்ய முடியுமா?' என்று கேட்கிறார்.

செய்யலாம். ஆனால் காந்தாவின் விலை எதனால் ஆனது என்று புரிந்த பிறகு இறங்குங்கள். கொல்கத்தாவில் ஒரு கைவினைக் கடையில், கிராமங்களிலிருந்து வரும் மூட்டையைப் பிரித்து, தரம் பார்த்து, கூலிக் கணக்குப் போடும் வேலையைப் பல வருடம் செய்தவள் நான். அங்கே தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இந்தப் பதில்.

வங்காளத்து வீடுகளில் நைந்துபோன பருத்திப் புடவை, வேட்டி, லுங்கி எதையும் சும்மா தூக்கிப் போட்டதில்லை. மூன்று முதல் ஏழு வரை அடுக்கி, எல்லா அடுக்கும் சேர்ந்து பிடிக்கும்படி ஓட்டுத்தையல் போட்டுவிடுவார்கள். நாம் ரன்னிங் ஸ்டிட்ச் என்கிறோமே, அதுதான். இப்படித் தைத்த அடுக்குத்துணிதான் காந்தா. நடுவில் பஞ்சு கிடையாது. பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணியே போதுமான கதகதப்பைத் தரும். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் பாட்டி, அம்மா கட்டிய புடவையில் தைத்த சின்னக் காந்தாவில் கிடத்துவது இன்றும் உண்டு. அதன் மேல் பூ, மரம், யானை, தேர் என்று உருவங்கள் வரும்போது அது நக்ஷி காந்தா. குளிருக்கான தடித்த போர்வை லேப். விரிப்பாக, மேல்போர்வையாகப் பயன்படுவது சுஜ்னி. கைக்குட்டை அளவுச் சதுரம் ருமால். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க ஆர்ஷிலதா, புத்தகம் சுற்ற பைத்தன், பணப்பை போல மடிக்க துர்ஜனி. பூஜைக்கு உட்கார ஆசனமும் உண்டு, குர்ஆனுக்கு உறையும் உண்டு. இந்து வீடு, முஸ்லிம் வீடு இரண்டிலும் ஒரே மாதிரி வேரோடிய கைவேலை இது.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், விலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணியைத் துவைத்து, கஞ்சி போக அலசி, தேவையான அகலத்துக்கு ஒட்டுப்போட்டு, தரையில் அடுக்கடுக்காக விரிப்பார்கள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட்டு, ஓரங்களில் கனம் வைப்பார்கள். பிறகு நாலு ஓரத்தையும் தைத்து, நடுவில் இரண்டு மூன்று வரிசை பெரிய பெரிய தையலாக ஓட்டி அடுக்குகளைப் பிடித்துவைப்பார்கள். இது தனியாகச் செய்ய முடியாத வேலை, அக்கம்பக்கத்தினர் வந்து கைகொடுப்பார்கள். இது முடிந்துவிட்டால் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, சமையல் முடிந்த மதியத்திலும் மழை பெய்யும் நாட்களிலும் ஒருத்தியாகவே உட்கார்ந்து தைக்கலாம். முன்பெல்லாம் நூலும் கடையில் வாங்கியதில்லை. பழைய புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவிய சிவப்பு, நீலம், கறுப்பு. பழைய காந்தாக்களில் பெரும்பாலும் இந்த மூன்று நிறமே இருப்பதற்கு அதுதான் காரணம்.

உருவங்களின் அமைப்பில் ஒரு ஒழுங்கு இருக்கும். நடுவில் பல இதழ்த் தாமரை. நாலு மூலையிலிருந்து நடுவை நோக்கி வளரும் மரம், அல்லது நாம் மாங்காய் என்று சொல்லும் கல்கா. இடையில் கிடைக்கும் இடத்தில் பெண்ணுக்கு என்ன தோன்றுகிறதோ அது: பல்லக்கு, படகு, மீன், முறம், பாக்குவெட்டி, சீப்பு. கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் குருசதய் தத் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஐசிஎஸ் அதிகாரியாக இருந்த குருசதய் தத் ஊர் ஊராகத் திரிந்து சேர்த்த நாட்டுப்புறக் கலைப் பொருட்கள் அங்கே உள்ளன. இன்று வங்கதேசத்தில் இருக்கும் குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த 19ஆம் நூற்றாண்டுக் காந்தா அந்தச் சேகரிப்பின் பெருமை. தன் பெயரையும், யாருக்காகத் தைத்தாள் என்பதையும் ஊசியாலேயே எழுதி வைத்திருக்கிறாள். எழுத்தறிவு பெண்களுக்கு எட்டாக்கனியாக இருந்த காலம் அது. தொழில் தொடங்கும் முன் நல்ல பழைய காந்தாக்களை நேரில் பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கண் பழகாமல் இந்தத் தொழிலில் கொள்முதல் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கண் எதைப் பார்க்க வேண்டும்? வாங்குபவர்கள் எல்லாரும் யானையையும் தாமரையையும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது உருவம் இல்லாத இடத்தை. நல்ல நக்ஷி காந்தாவில் தாமரைக்கும் மூலை மரத்துக்கும் நடுவே வெறும் வெள்ளைத் துணி என்று ஒன்று இருக்காது. வெள்ளை நூலால் அந்த இடம் முழுக்கத் தைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து அது தெரியாது. துணியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், இதழின் விளிம்பைச் சுற்றி ஒரு வரி, அதைச் சுற்றி இன்னொரு வரி என்று உருவத்தின் வடிவத்தையே திரும்பத் திரும்ப வரைந்தபடி தையல் வெளியே பரவுவது தெரியும். பக்கத்து மரத்திலிருந்து பரவி வரும் வரிகளை அது எங்கே சந்திக்கிறது, அங்கே தைத்தவள் எப்படித் திருப்பினாள் என்பதில் கையின் முதிர்ச்சி தெரிந்துவிடும். இந்த நெருக்கமான தையல்தான் துணியை மெல்லச் சுருக்கி, மேற்பரப்பில் சிற்றலை எழுப்புகிறது. விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டுப்படும். உருவம் மட்டும் அழகாக இருந்து, இடைவெளி தட்டையாகக் கிடந்தால் அது பாதி வேலை.

அப்புறம் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முடிச்சு தெரியக் கூடாது. நூலின் தொடக்கமும் முடிவும் அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி தைத்ததை தொருகா என்பார்கள், அது பெரிய கை. தையல் வகைகளும் பல உண்டு. பாய் பின்னியது போலத் தெரிவது சட்டாய். வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி, சபாய் நவாப்கஞ்ச் பக்கத்தில் சிவப்புத் துணியில் அலை அலையாகத் தைக்கும் லஹரி காந்தா பேர்போனது. நேர் அலை, புறாக்கூடு, பர்ஃபி என்று அதற்குள்ளும் வகை இருக்கிறது. ஜமால்பூர், ஜெஸ்ஸோர் பக்கங்களில் கை வேறு, மேற்கு வங்கத்தின் பீர்பூம் கை வேறு. இதையெல்லாம் ஒரே நாளில் கற்க வேண்டியதில்லை. முன்னால் நெருக்கம், பின்னால் சுத்தம், இந்த இரண்டும் பிடிபட்டால் போதும்.

இனி அந்த இரண்டு விலைகள். ஆறு அடி நீளம், நாலு அடி அகலம் உள்ள ஒரு சாதாரணப் போர்வை, உருவம் எதுவும் இல்லை, நேர் வரிசைகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு ஐந்து வரிசை என்றால் 48 அங்குல அகலத்தில் 240 வரிசை. ஒவ்வொன்றும் 72 அங்குலம். மொத்தம் 17,280 அங்குலம், அதாவது சுமார் 440 மீட்டர் தையல். அங்குலத்துக்கு ஆறு தையல் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் வந்துவிடும். எம்ப்ராய்டரி நூல் கண்டில் எட்டு மீட்டர், ஆறு பிரி இருக்கும். இரண்டு பிரியாகப் பிரித்துத் தைத்தால் ஒரு கண்டு 24 மீட்டர் தரும். துணியின் தடிமனுக்கும் சேதாரத்துக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டால் 22 கண்டு தேவை. பழகிய கை மீட்டருக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்றால் மொத்தம் 44 மணி நேரம். உருவமே இல்லாத போர்வைக்கே இவ்வளவு.

1,800 ரூபாய்ப் போர்வையில் இந்த நெருக்கம் இருக்கவே முடியாது. அதில் அங்குலத்துக்கு இரண்டு வரிசை இருக்கும், தையலும் நீளமாக இருக்கும். கணக்குப் போட்டால் 176 மீட்டர், வேகமாக ஓட்டினால் 12 மணி நேர வேலை. கடைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது என்று 720 ரூபாய் கழியுங்கள். துணி, நூல், போக்குவரத்து, இடையில் இருப்பவரின் லாபம் எல்லாம் 700 என்று கொள்ளுங்கள். தைத்தவளுக்கு மீதி 380. மணிக்கு 32 ரூபாய்.

28,000 ரூபாய்ப் போர்வையை எடுப்போம். முழுக்க உருவங்களும் நெருக்கமான இடைத்தையலும் உள்ள ஒன்றுக்கு 300 மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். கடைக்கு அதே நாற்பது சதவீதம் போனால் மீதி 16,800. துணி, நூல், வரைகூலிக்கு 2,000 போக 14,800. மணிக்கு 50 ரூபாய் கூட முழுசாக வரவில்லை. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 400 ரூபாய். கொல்கத்தாவில் சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். இவை உதாரணக் கணக்குகள், கடைக்குக் கடை மாறும். ஆனால் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இப்படி மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். விலையில் பதினைந்து மடங்கு வித்தியாசம் இருந்தும், தைத்தவளின் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மடங்கு கூட வித்தியாசமில்லை. மலிவான காந்தா ஏமாற்று என்றோ, விலை அதிகமானது கொள்ளை என்றோ நினைக்க வேண்டாம். இரண்டிலும் சரியாகக் கொடுக்கப்படாத ஒன்று அந்த மணி நேரம்தான். உங்கள் தொழிலை அதிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்தக் கூலி இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. காந்தா பல தலைமுறையாகச் சந்தைக்கு வந்த பொருளே இல்லை. மகளுக்கு, மருமகனுக்கு, பேரனுக்கு என்று வீட்டுக்குள் தைத்தது. 1922இல் சாந்திநிகேதனை ஒட்டிய ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்பு வேலை தொடங்கியபோது, தாகூரின் மருமகள் பிரதிமா தேவி போன்றோர் கைத்தொழில்களோடு இதையும் கையிலெடுத்தார்கள். 1929இல் வங்கக் கவிஞர் ஜசீமுத்தீனின் கவிதை வந்து நக்ஷி காந்தா என்ற பெயரைப் படித்தவர் வீடுகளுக்கும் கொண்டுபோனது. 1947 பிரிவினையில் தைத்த குடும்பங்கள் சிதறின, பழக்கம் தேய்ந்தது. வங்கதேசம் பிறந்த பிறகு, போரில் எல்லாம் இழந்த பெண்களுக்கு வருமானம் தேடியபோது மறுபடி ஊசி நினைவுக்கு வந்தது. 1978இல் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் தொடங்கிய ஆரோங் கடைகள் அதை டாக்காவின் நடுத்தர வர்க்கத்திடம் கொண்டு சேர்த்தன. இந்தியப் பக்கம் 1980களில் ஷாம்லு துதேஜா போன்றவர்கள் காந்தாவைப் பட்டுப் புடவையிலும் துப்பட்டாவிலும் ஏற்றினார்கள். வீட்டு வேலையாக இருந்தது விற்பனைக்கு வந்ததே தவிர, 'சும்மா இருக்கும் நேரத்தில் தைப்பதுதானே' என்ற எண்ணம் கூலியில் அப்படியே தங்கிவிட்டது.

இன்று பீர்பூம் மாவட்டத்தில் வேலை எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். துணியும் நூலும் மொத்தமாக வாங்குபவர் ஒருவர், மகாஜன் என்பார்கள். அவரிடம் வரைபவர் இருப்பார். ட்ரேசிங் பேப்பரில் படத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தித் துளை போட்டு, துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் துணிப்பந்தால் தேய்ப்பார்கள். புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். நம்மூரில் ஆரி ஒர்க் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முறைதான் இது. வரைந்த துணியை ஒரு பெண் வாங்கிக்கொண்டு போய்த் தன் ஊரில் பத்துப் பதினைந்து பேருக்குப் பிரித்துக் கொடுப்பாள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. முடிந்தவை அதே வழியில் திரும்பி வரும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நிற்கும், கடைசிக் கையில் இருப்பவளுக்குப் பணம் கடைசியாகத்தான் வரும். பல நேரம் பூஜை வியாபாரம் முடிந்த பிறகோ, டிசம்பரில் சாந்திநிகேதன் பௌஷ் மேளா முடிந்த பிறகோ.

அதற்காக நடுவில் இருக்கும் அந்தப் பெண்ணை எதிரியாகப் பார்க்காதீர்கள். யார் கை மெல்லிசு, யாருக்கு வீட்டில் உடம்பு சரியில்லை, யாரிடம் கொடுத்தால் அழுக்குப் படாமல் திரும்பும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவளைத் தவிர்த்துவிட்டு நேராகப் போகிறேன் என்று கிளம்பிய புதியவர்கள் பலர் பாதித் தையலோடு நின்ற புடவைகளை வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு பங்கு கொடுங்கள். ஆனால் தைப்பவருக்கு உருப்படிக்கு என்ன கூலி என்பதை அவள் முன்னிலையிலேயே பேசி முடிவு செய்து, ஒரு நோட்டில் எழுதி, மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டால் நல்ல கைகள் உங்களைத் தேடி வரும்.

இந்தக் கைவேலையில் பெண்கள் எங்கே வரை போக முடியும் என்பதற்குக் கண்முன்னே ஆட்கள் இருக்கிறார்கள். தெற்கு 24 பர்கானாவின் சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமி தந்தை இறந்த பிறகு குடும்பத்துக்காக ஊசி எடுத்தவர். பிறகு ஏராளமான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். அடுத்த ஆண்டே பீர்பூமின் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவரும் தைத்ததோடு நிற்காமல், தைப்பவர்களை உருவாக்கியவர்கள்.

இனி நீங்கள் எதை விற்பது என்ற விஷயம். பெரிய போர்வையில் தொடங்காதீர்கள். முழுக்கத் தைத்த ஒரு பட்டுப் புடவையோ போர்வையோ முடிய ஆறு மாதம் ஆகலாம், சில ஒரு வருடத்தையும் தாண்டும். அத்தனை நாளும் உங்கள் பணம் அதில் முடங்கும். அது வந்த பிறகு சரியான ஆள் கிடைத்து விற்க இன்னும் சில மாதம். குழந்தைக் காந்தா, ரவிக்கைத் துணி, குஷன் உறை, சின்னப் பை, ஸ்டோல் இவற்றில் பணம் சீக்கிரம் திரும்பும். அதிலும் குழந்தைக் காந்தாவை நான் மிகவும் சிபாரிசு செய்வேன். அளவு சின்னது, மெல்லிய மூன்றடுக்குப் பருத்தி, ஒரு வாரத்தில் ஒருத்தியால் தைத்துவிட முடியும். பிறந்த குழந்தைக்கு என்ன வாங்கிப் போவது என்று யோசிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய நக்ஷி காந்தா மட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டரின் பேரில் செய்யுங்கள்.

பட்டில் போனால் இரண்டு துணிகள் பேச்சில் வரும். ஒன்று டசர் என்ற காட்டுப்பட்டு, பீர்பூமின் தாந்திபாடா நெசவாளர்களிடம் நேராகவே வாங்கலாம். இன்னொன்றை எல்லாரும் 'பெங்களூர் சில்க்' என்பார்கள். வழுவழுப்பான மல்பெரிப் பட்டு, ஊசி சுலபமாக இறங்கும். டசரில் நிறம் மண்வாசனையோடு நிற்கும், ஆனால் மட்டமான டசர் தையல் இழுப்பில் விலகிவிடும். மீட்டர் வாங்கி ஓரத்தில் பத்து வரிசை தைத்துப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டுப் புடவையில் இருப்பது காந்தாத் தையல், காந்தா என்ற அடுக்குத்துணி அதில் இல்லை. விற்கும்போது இரண்டையும் குழப்பாமல் சொல்லுங்கள்.

பழைய புடவையில் போர்வை செய்வதானால் துணி சேகரிப்பதே தனி வேலை. நம்மூரில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பார்களே, கொல்கத்தாத் தெருக்களிலும் அதே வியாபாரம் உண்டு, அவர்களிடமிருந்து மொத்தமாக வாங்கலாம். வாங்கும் ஒவ்வொன்றையும் வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து லேசாக இழுங்கள். 'டர்' என்று சத்தம் வந்தால் உள் அடுக்குக்குக்கூட அதை வைக்காதீர்கள். பழைய பட்டு பார்க்கப் பளபளப்பாக இருக்கும், மடிப்பில் தூளாகும். அதைப் போர்வையில் சேர்த்தால் முதல் குளிர்காலத்திலேயே வாடிக்கையாளர் திரும்ப வருவார். வாங்கிய துணியைக் கொதிநீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். நூலையும் இதே போலச் சோதியுங்கள். மூன்று மாதம் தைத்த வெள்ளைக் காந்தாவில் சிவப்பு நூல் கசிந்துவிட்டால் அதை மீட்க வழியே இல்லை.

இணையத்தில் காந்தா என்று தேடினால் வருவதில் பெரும் பகுதி வேறு வகை. ஜெய்ப்பூரில் அச்சிட்ட பருத்தித் துணி மேல் நேர் வரிசையாக ஓட்டிய போர்வைகள் அந்தப் பெயரில் உலகமெங்கும் போகின்றன. கையால் தைத்தது என்றால் அதுவும் ஒருவரின் உழைப்புதான், மதிக்க வேண்டியது. ஆனால் வங்காளத்து நக்ஷி காந்தா அது இல்லை. பீகாரின் சுஜனி, வட கர்நாடகத்தின் கௌதி, மராட்டிய கோதடி எல்லாம் இதற்கு உறவு. பழந்துணியை அடுக்கித் தைக்கும் அறிவு இந்த நாடு முழுக்க இருந்தது. அவரவர் பெயரில் விற்பதே நியாயம். நான் கோபப்படுவது இரண்டு விஷயத்துக்கு மட்டும். ஒன்று, ஓட்டுத்தையல் போலவே அச்சடித்த துணி. இன்னொன்று, எந்திரத்தில் தைத்துவிட்டுக் கைவேலை என்று சொல்வது. எந்திரத் தையலைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு தையல் கூட நீளம் மாறாது, மேல்நூல், கீழ்நூல் என்று இரண்டு நூல் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், வரிசை முடிவில் முன்னும் பின்னும் ஓட்டி அடைத்திருப்பார்கள். கைத்தையலில் பகலில் தைத்த வரிசைக்கும் களைத்துப்போய்த் தைத்த வரிசைக்கும் வித்தியாசம் தெரியும்.

நக்ஷி காந்தாவுக்கு மேற்கு வங்கத்தின் பேரில் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்கதேசத்தில் ஜமால்பூர் நக்ஷி காந்தாவுக்கும் அந்த நாட்டின் குறியீடு உண்டு. இரண்டு நாட்டுக்கும் சொந்தமான கலைக்கு இரண்டு பதிவு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு இதில் நடைமுறைப் பயன் என்ன என்றால், நீங்கள் கொள்முதல் செய்யும் குழு அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருந்தால் அந்தக் குறியீட்டைச் சட்டப்படி பொருளில் போடலாம். பதியாத குழு என்றால் பதிய உதவுங்கள். கைவினைஞர் அடையாள அட்டையும் அப்படியே. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு கொடுக்கும் அந்த அட்டை இருந்தால் கண்காட்சிகளில் இடம் கேட்கவும் கடனுக்கு விண்ணப்பிக்கவும் அவர்களுக்கு வழி கிடைக்கும். படிவம் நிரப்ப ஆளில்லாமல் எத்தனையோ நல்ல தையல்காரிகள் அட்டையே இல்லாமல் இருக்கிறார்கள். உங்கள் ஒரு மதியத்தை அதற்குக் கொடுத்தால், அடுத்த முறை உங்கள் ஆர்டரை அவர்கள் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

விலைச்சீட்டில் என்ன எழுதுவது என்று யோசித்து வையுங்கள். பெயர், ஊர், எத்தனை அடுக்கு, புதுத்துணியா பழைய புடவையா, எத்தனை மணி நேர வேலை. இந்த ஐந்தும் போதும். மணி நேரத்தை எழுதினால் வாங்குபவர் பேரம் பேசும் விதம் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தைத்தவரின் பெயரைப் போடுவதற்கு அவரிடம் கேட்டுவிடுங்கள், சிலருக்கு அது பிடிக்காது. கூடவே துவைக்கும் முறையும் எழுதுங்கள். பருத்திக் காந்தா என்றால் குளிர்ந்த தண்ணீர், காரமில்லாத சோப்பு, முறுக்காமல் பிழிந்து நிழலில் தட்டையாகக் காயப்போட வேண்டும். பட்டு என்றால் ட்ரை கிளீனிங். வரைந்த நீலக்கோடு முதல் துவைப்பில் போகாத சரக்கை நீங்களே திருப்பி அனுப்பிவிடுங்கள், மண்ணெண்ணெய் வாடை அடிப்பதையும்தான்.

கடைசியாக, நீங்களும் கொஞ்சம் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ருமால் அளவு போதும். நடுவில் ஒரு தாமரை, சுற்றிலும் இடைத்தையல். அது முடிவதற்குள் எந்தக் கூலி நியாயம் என்பது உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும். கற்கவும் கொள்முதலுக்கும் பீர்பூமின் நானூர் நல்ல இடம். கவி சண்டிதாசின் ஊர் என்று சொல்வார்கள், மாநில அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து நடத்திய கிராமக் கைவினை மையத் திட்டத்தில் காந்தாவுக்காக எடுத்துக்கொண்ட இடம் அது. ஹவுராவிலிருந்து ரயிலில் போல்பூர் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து நானூர் 20 கிலோமீட்டர் சுமார், பஸ் இருக்கிறது. துர்கா பூஜைக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் போகாதீர்கள். எல்லார் மடியிலும் ஏற்கனவே ஒப்புக்கொண்ட வேலை இருக்கும், உங்களோடு உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். வியாபாரம் ஓய்ந்து, அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சமயம் அது. முதல் முறை போகும்போது கையில் நூலும் துணியும் முன்பணமும் இருக்கட்டும். வெறும் விசாரணைக்கு வந்து போகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.